சாயங்காலமானால் அறுந்துபோகும் வைஃபை: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரைக் கொடைக்கு ஊருக்குப் போனபோது பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா மகள் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, போன்ல நீங்க சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். பேசாம இந்த லேப்டாப்பைக் கிணத்துல போட்டுருதேன்.”

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் 1 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 மணி வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. வீடியோ கூட்டத்தில் பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று எதிரில் இருப்பவர்கள் முகம் உறைந்துவிடும், குரல் இழுபடும், அப்புறம் மொத்தமாக நின்றுவிடும். முப்பது நாற்பது நொடியில் எதுவுமே நடக்காததுபோல் எல்லாம் திரும்பி வரும். சில நாள் ஒரு தடவைகூட அறுகாது. சில நாள் பத்துத் தடவை. இப்படியே ஐந்து மாதம் ஓடியிருக்கிறது.

பார்க்காத வைத்தியமும் இல்லை. இணைப்புக்காரர்களை மூன்று முறை வரவழைத்தாயிற்று. முதல் முறை ஃபைபர் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார்கள். இரண்டாம் முறை ஒளியின் அளவைப் பார்த்தார்கள்; மைனஸ் 19 டிபிஎம் (சிக்னலின் வலுவைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்). மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருந்தால் போதும், ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் முறை ரௌட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். அத்தான் தன் பங்குக்கு 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கினார். நான் போனிலேயே சொல்லி, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றவைத்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் வைஃபை அட்டையை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதையும் எடுக்கச் சொன்னேன். நடுவில் லேப்டாப் ஒரு பழுது பார்க்கும் கடைக்கும் போய் வந்தது. கடைக்காரர் தன் ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டிக் காட்டி, “இதுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி, உங்க நெட்டைப் பாருங்க” என்று அத்தானை அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு வைத்தியமும் ஒன்றிரண்டு நாள் பலித்ததுதான் இதில் வில்லங்கம். முழுசாகச் செத்த பொருளைச் சரிசெய்வது சுலபம். ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் இல்லை. வந்து வந்து போகும் கோளாறு ஆளை ஏமாற்றும். நீங்கள் எதைச் செய்தாலும், அது அடுத்த முறை வருகிறவரை, செய்ததுதான் மருந்து என்று நம்பவைத்துவிடும்.

பீரோமேல் விழுந்த பழி

வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்கட்டு பழையது, செங்கல் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். ரௌட்டர் முன்ஹாலில் ஷோகேஸுக்குள், டிவிக்குப் பின்னால், தலையாட்டிப் பொம்மைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது. அவள் அறை பின்கட்டில், மேற்கே பார்த்த சன்னலோடு. நடுவறையில் ஆளுயர இரும்பு பீரோ, கதவில் முழுக் கண்ணாடி. அந்த பீரோவின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை ஒட்டித்தான் அவள் மேசை. இரும்புத் தகட்டை இந்த அலை துளைத்துப் போகாது. கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். சுற்றிவளைத்து, மற்ற சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதுதான் மேசைக்குக் கிடைக்கும்.

“பீரோவை நகட்டுத பேச்சே எடுக்காத தம்பி. அது கன்னி மூலைல இருக்கு, அங்கனதான் இருக்கும்” என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒரு வகையில் அது நல்லதாயிற்று. நகர்த்தியிருந்தால் சிக்னல் கொஞ்சம் கூடியிருக்கும், கோளாறு இரண்டு நாள் தூங்கியிருக்கும், நானும் வெற்றி என்று சொல்லிவிட்டு ரயிலேறியிருப்பேன். அவள் ஹாலைவிட்டு இந்த அறைக்கு மாறிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, ஊகத்தை விட்டுவிட்டு முறையாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். முதல் கேள்வி, அறுவது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது. லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரை ஒரு வழி. ரௌட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு வழி. நமக்கு இரண்டும் சேர்ந்து ‘நெட்’ என்று ஒரே பேராகிவிட்டது. அதனால்தான் ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள வழக்கை இணைப்புக்காரரிடம் கொண்டுபோகிறோம்.

லேப்டாப்பில், கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரைகள் இரண்டைத் திறந்தேன். இடது திரையில் ரௌட்டரின் முகவரியான 192.168.1.1க்கு பிங். வலது திரையில் 8.8.8.8க்கு, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ்ஸுக்கு, இணையதளப் பேர்களுக்கு முகவரி சொல்லும் சர்வருக்கு. இரண்டும் நான் நிறுத்தும்வரை நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நல்ல நேரத்தில் ரௌட்டரிடமிருந்து 3, 4 மில்லிநொடியில் பதில் வந்தது. வெளியிலிருந்து இருபத்துச் சொச்சம். மாலை 4.50க்கு இடது திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. 3, 3, 41, 180, 620, அப்புறம் பதிலே இல்லை. அதே நொடியில் வலது திரையும் நின்றது. வீட்டுக்குள் இருக்கிற ரௌட்டரிடமே போய்ச் சேர முடியாதவன் வெளியூருக்கு எங்கே போவது? கோளாறு முழுக்க இந்தப் பக்கம்தான்.

நான் இருந்த நாட்களில் ஒரே ஒரு தடவை இடது திரை 3 மில்லிநொடியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்க, வலது திரை மட்டும் இரண்டு நிமிடம் செத்துக் கிடந்தது. அது இணைப்புக்காரர் கணக்கு. மற்றதெல்லாம் நம் கணக்கு. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை அத்தானிடம் அப்போதே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம்

விண்டோஸ் கடந்த மூன்று நாள் வைஃபை வரலாற்றைத் தானாகவே எழுதி வைத்திருக்கும். அதே கறுப்புத் திரையில் நெட்எஸ்எச் (netsh) கட்டளையில் டபிள்யூலேன் ரிப்போர்ட் (wlanreport) கேட்டால், எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது என்று நேரத்தோடு ஒரு பக்கமாகக் கொடுத்துவிடும். அதில் 31 அறுப்புகள் இருந்தன. அக்காவின் மளிகைக் கணக்கு நோட்டை வாங்கிப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினேன். 22 அறுப்புகள் மாலை 4.30க்கும் 6.15க்கும் நடுவில். ஆறு, இரவு 9 மணியை ஒட்டி. மிச்சம் மூன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக.

சாயங்காலம் என்றதும் எனக்கு அடுத்த ஊகம் ரெடி. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம், தெருவே போனை எடுக்கும் நேரம், அலைவரிசையில் நெரிசல். போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தால் அந்த மேசையிலிருந்து பதினான்கு வீட்டு வைஃபை தெரிந்தது. இந்த ரௌட்டரின் வைஃபை ஓடுவது 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருப்பதாகப் பேர். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரௌட்டர் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று உரசாமல் உட்கார வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான். 3இல் உட்கார்ந்திருப்பவர் 1இல் இருப்பவர் காதிலும் கத்துவார், 6இல் இருப்பவர் காதிலும் கத்துவார். ஒரே சேனலில் இருப்பவர்களாவது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்கள். பாதி உரசுகிறவர்களிடம் அந்த மரியாதையும் கிடையாது. நம் ரௌட்டரோ 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், கிட்டத்தட்டப் பாதி அலைவரிசையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. அதை 20க்குச் சுருக்கி, கூட்டம் குறைந்த 11இல் நிறுத்தினேன். கூடவே 2.4க்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பேர் வைத்தேன். ஒரே பேரில் இருந்தால் லேப்டாப் எப்போது எதில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அது பாட்டுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 44. அதையும் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் 52லிருந்து 144 வரையிலான சேனல்களில் ரேடார் சத்தம் கேட்டால் ரௌட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று விதி. அதுவும் இப்படித்தான் திடீரென்று அறுக்கும். 44இல் அந்தத் தொல்லை இல்லை.

சேனலை மாற்றியதில் பிங் எண்கள் கொஞ்சம் சீராயின. அறுப்பு நிற்கவில்லை. மறுநாள் காலை தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் நோட்டைப் புரட்டியபோதுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. நெரிசல்தான் காரணம் என்றால் எது உச்ச நேரம்? இரவு எட்டிலிருந்து பத்து. அது ஐபிஎல் நடக்கும் மாதம். பதினான்கு வீட்டிலும் யாராவது ஒருவர் போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் 9 மணிக் கொத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆறேகாலுக்கு மேல் கோடு போட்டதுபோல் நின்றுவிடுகிறது. நானே கைப்பட எழுதிய நேரங்கள், ஒரு நாள் முழுக்க என் முகத்துக்கு நேரே இருந்திருக்கின்றன.

இரண்டு நாள் 5இல் மட்டும், இரண்டு நாள் 2.4இல் மட்டும் வேலை செய் என்று அவளிடம் சொன்னேன். 5இல் இருந்த நாட்களில் மாலைக் கொத்து அப்படியே வந்தது, இரவுக் கொத்து வரவே இல்லை. 2.4இல் இருந்த நாட்களில் மாலையில் ஒன்றிரண்டு அறுப்புதான், ஆனால் 9 மணிக்கு வரிசையாக நான்கைந்து. அப்போதுதான் உறைத்தது: நான் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன், வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனைப் பிடித்தாலும் மற்றவன் வருவதால் ‘இன்னும் சரியாகவில்லை’ என்று தோன்றும், பிடித்தவனையும் விட்டுவிடுவோம்.

மூடியைத் தள்ளிய விரல்

இன்னொரு விஷயத்தை நான் முதல் நாளே பார்த்துவிட்டு ஒதுக்கியிருந்தேன். அதே மேசையில் என் போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் மைனஸ் 62 டிபிஎம் காட்டியது. லேப்டாப்பில் விண்டோஸ் சதவீதமாகக் காட்டும். அதைப் பாதியாக்கி நூறைக் கழித்தால் டிபிஎம் வந்துவிடும். அது 40 காட்டியது, அதாவது மைனஸ் 80. பதினெட்டு டெசிபல் வித்தியாசம் என்றால் வந்து சேரும் அலையின் வலுவில் அறுபது மடங்குக்கு மேல் குறைவு. ‘லேப்டாப் கொஞ்சம் பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பு. போனில் ஆன்டெனாவுக்கு இடமே இருக்காது, கையும் மறைக்கும். லேப்டாப்பில் திரையின் ஓரம் முழுக்க இடம் இருக்கிறது. ஒரே மேசையில் போனைவிட லேப்டாப் இவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்றால் பீரோவையோ சுவரையோ குற்றம் சொல்ல முடியாது. போனுக்கும் அதே பீரோதான், அதே சுவர்தான்.

ஐந்தாம் நாள் மாலை. அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கறுப்புத் திரை, இரண்டு நொடிக்கு ஒருமுறை சிக்னல் சதவீதத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. 62, 62, 61, 62. நாலே முக்காலுக்கு மேற்குச் சன்னலின் கம்பி நிழல் மேசைமேல் ஊர்ந்து வந்து, வெயில் திரையின் இடது ஓரத்தில் ஏறியது. அவள் பேச்சை நிறுத்தாமல், பார்க்கக்கூட இல்லாமல், ஒரு விரலால் மூடியைப் பின்னுக்குத் தள்ளினாள். 62 என்று இருந்தது 48 ஆகி 40இல் நின்றது.

நான் எழுந்து போய் மூடியை நிமிர்த்தினேன். 61. பின்னுக்குத் தள்ளினேன். 41. நிமிர்த்தினேன்.

“மாமா, விளையாடாதீங்க, மீட்டிங் ஓடுது.”

கோளாறுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. வெயிலுக்கும் அவள் விரலுக்கும்தான் சம்பந்தம். சூரியன் சன்னலுக்கு நேரே வரும்போது மூடி சாய்கிறது, சூரியன் இறங்கியதும் நிமிர்கிறது. மேகமூட்டமான நாளில் சாய்க்கத் தேவையில்லை. அதனால்தான் ‘சில நாள் ஒரு தடவைகூட அறுகாது’. உறுதி செய்துகொள்ள மறுநாள் நாலு மணிக்கே அத்தானின் பழைய வேட்டி ஒன்றைச் சன்னலில் கட்டினேன். லேப்டாப்பில் எதையும் தொடவில்லை. ஆறேகால் வரை ஒரு அறுப்புகூட இல்லை. ஐந்து மாதம், மூன்று ஆட்கள், ஒரு புது ரௌட்டர் செய்யாததை ஒரு வேட்டி செய்தது.

“ஏட்டி, இந்த லேப்டாப்பை யாராவது கழட்டினாங்களா?” என்று கேட்டேன்.

“கடைக்காரர் கழட்டலையே மாமா, சும்மா ஓட்டித்தான பாத்தாரு.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா தீபாவளிக்கு முன்னாடி காபி கொட்டி கீபோர்டு மாத்தினோம்லா. அது வேற கடை.”

ஹாலைவிட்டுப் பின்கட்டு அறைக்கு மாறியதும் அந்த வாரம்தானாம்.

இட்லித் தட்டு

லேப்டாப்பின் வைஃபை அட்டை கீழே, மதர்போர்டுமேல் இருக்கும். 22 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர், தபால்தலை அளவு. ஆன்டெனாக்கள் மேலே, திரையின் ஓரத்தில். இரண்டையும் இணைக்க இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாக ஏறிப் போகும். மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவை கீலுக்குள் கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் தளரும். இந்த மாதிரி லேப்டாப்பில் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும். அதை மாற்ற மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். இந்த இரண்டு வயர்களையும் கழற்றாமல் அது நடக்காது.

வாரண்டி முடிந்துவிட்டதால் தைரியமாகத் திறந்தேன். திருகுகளுக்கு அக்காவின் இட்லித் தட்டு. மேல் வரிசைத் திருகுகள் ஒரு குழியில், நடுவிலுள்ள குட்டைத் திருகுகள் ஒரு குழியில், கீல் பக்கத்து நீளத் திருகுகள் வேறொன்றில். நீளத் திருகைக் குட்டைக்கான துளையில் முறுக்கினால் மேலே துளைத்துக்கொண்டு வந்துவிடும். இதற்கு இட்லித் தட்டைவிட நல்ல கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை. உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் திருப்புளியை உள்ளே விடவே கூடாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அட்டையில் பொன் நிறத்தில் இரண்டு குட்டி வளையங்கள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றில் எதுவுமே இல்லை. அதற்குரிய சாம்பல் நிற வயர் பேட்டரி ஓரத்தில் மடிந்து, கறுப்பு டேப்புக்கு அடியில் சும்மா படுத்திருந்தது. மற்றதில் கறுப்பு வயர் உட்கார்ந்ததுபோல் தெரிந்தது. பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தொட்டேன், ஆடியது. வளையத்தின்மேல் வைத்திருக்கிறார்களே தவிர அழுத்திப் பூட்டவில்லை. வழக்கமாக இரண்டு முனைகளையும் மேலிருந்து அமுக்கிப் பிடிக்க ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும், ஒரே திருகில் நிற்கும். திருகுத் துளை இருந்தது; பட்டையைக் காணோம்.

மூடியைப் பிடித்து மெல்லப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தேன். கீலிலிருந்து வரும் கறுப்பு வயர் ஒரு மயிரிழை இழுபட்டது. வளையத்தின்மேல் முனை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. நிமிர்த்தினால் மறுபடி படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஐந்து மாதத் தலைவலியை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கண்ணால் பார்த்தேன்.

சாம்பல் வயரை டேப்பிலிருந்து விடுவித்து, முனையை வளையத்துக்கு நேராக வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம்; காதால் கேட்பதைவிட விரலில் தெரியும். கறுப்புக்கும் அதே. நேராக வைக்காமல் அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். கழற்றும்போதும் வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இந்த முனைகள் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்தவை இல்லை. இழந்த பட்டைக்குப் பதிலாக ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கீழ்மூடியைப் போட்டால் அது இரண்டு முனைகளையும் அமுக்கிக்கொள்ளும்படி வைத்தேன். கீலுக்கு முன்னால் கறுப்பு வயருக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டேன்.

மூடித் திறந்ததும் அதே மேசையில், அதே பீரோவுக்குப் பின்னால், 76 சதவீதம். அதாவது மைனஸ் 62, என் போன் காட்டிய அதே எண். மூடியைப் பின்னுக்குத் தள்ளினால் 74, 75. ஹாலுக்கு எடுத்துப்போய் ரௌட்டர் பக்கத்தில் வைத்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. இணைப்பு வேகம் 866 எம்பிபிஎஸ். முதல் நாள் இதே இடத்தில் பார்த்தபோது 433க்கு மேல் ஏறவே இல்லை. சரிபாதி. இந்த வகை அட்டையில் ஒரு ஆன்டெனாவின் உச்சம் 433, இரண்டும் சேர்ந்தால் 866. ‘ஒரு கை வேலை செய்யவில்லை’ என்று லேப்டாப் முதல் நாளே எண்ணாகச் சொல்லியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

பழுதுக் கடையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் இதுதான் பதில். ரௌட்டர் பக்கத்திலேயே வைத்தால் மைனஸ் 40 அளவுக்குச் சிக்னல் கொட்டும். அதில் இருபது டெசிபலை இழந்தாலும் வீடியோ தாராளமாக ஓடும். அவர் மேசையில் மேற்கு வெயிலும் விழுந்திருக்காது.

ஒன்பது மணித் திருடன்

இரண்டாமவனைப் பிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் முதல்வன் போய்விட்டான். இரவு 9 மணிக்கு அவள் அன்றைய வேலையை ஒரு யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுப்பாள். டிஸ்க் லேப்டாப்பின் முதுகை ஒட்டி, கீலுக்குப் பக்கத்தில் கிடக்கும். “அந்த நேரத்துல மவுஸ் ஒரு மாதிரி துள்ளுமே?” என்று கேட்டேன். “ஆமா மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைமேல் அப்படியே கவிகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இரைச்சல் 20 டெசிபல் வரை கூடுவதை அதில் காட்டியிருக்கிறார்கள். வயர் இல்லாத மவுஸின் குட்டி ரிசீவரும் அதே 2.4தான், அதனால் முதலில் துள்ளுவது மவுஸ். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு இந்த இரைச்சல் எட்டாது. என் நோட்டில் 5இல் இருந்த நாட்களில் இரவுக் கொத்து வராததும் அதனால்தான். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரைப் போட்டு டிஸ்கை மேசையின் மறு கோடிக்குத் தள்ளினேன். லேப்டாப்பை 5இன் பேரில் மட்டும் சேரச் சொல்லி, 2.4ஐ மறக்கவைத்தேன். மவுஸும் அடங்கியது.

முன்பு செய்த வைத்தியங்கள் எப்படி ஒன்றிரண்டு நாள் பலித்தன? ரௌட்டரை அணைத்துப் போட்டாலும் டிரைவரை மாற்றினாலும் லேப்டாப் இணைப்பை உதறிவிட்டு இரண்டு அலைவரிசைகளில் ஒன்றைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும். 2.4 அலை சுவரைத் தாண்டி 5ஐவிட நன்றாக வரும், ஆகவே 2.4 கிடைத்தால் மாலை தப்பும், 5 கிடைத்தால் இரவு தப்பும். சிக்னல் இறங்கும்போது மறுபடி தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு அறுப்பு. கடைக்குக் கொண்டுபோகப் பையில் வைத்து எடுத்ததில்கூட அந்தக் கறுப்பு முனை கொஞ்சம் நன்றாக உட்கார்ந்திருக்கலாம். எல்லா வைத்தியத்துக்கும் பொதுவாக இருந்த மருந்து, கொஞ்சம் அசைத்துப் போட்டது.

ஷோகேஸிலிருந்து ரௌட்டரை வெளியே எடுத்து, டிவிக்கு நாலடி தள்ளிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டும் வந்தேன். அது கோளாறுக்காக இல்லை. கண்ணாடிக்குள் தலையாட்டிப் பொம்மையோடு அது உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து அக்கா மகள் புது ரிப்போர்ட்டை அனுப்பினாள். மூன்று நாளில் இரண்டு அறுப்பு. இரண்டும் கரண்ட் போன நேரம். அன்று இரவு அத்தானும் கூப்பிட்டார். கீபோர்டு மாற்றிய கடைக்குப் போய் அந்தப் பட்டையைக் கேட்டாராம், அவர்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். அப்புறம் கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: “அப்போ மாப்ளே, அந்த 200 எம்பிய பழையபடி 100 ஆக்கிரலாமா?”

ஆக்கிவிடுங்கள் அத்தான் என்றேன். சன்னலில் கட்டிய வேட்டியை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம், வெயில் இன்னும் கண்ணைக் கூசுகிறதாம்.